பாலித் தீவின் சருகுக்குள்ளே: கூன்வண்டு தேடிய பயணக் குறிப்புகள்

சனிக்கிழமை, தென்பசார்

பாலிக்கு வருடா வருடம் பல லட்சம் பேர் வந்து போகிறார்கள். கடற்கரை, கோயில், படிப்படியாக இறங்கும் நெல்வயல் என்று எதையும் விடாமல் படம் பிடிக்கிறார்கள். இதே தீவின் மலைக்காடுகளில், காலடிச் சருகுக்குள், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் கூன்வண்டுகள் வாழ்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு 2014-இல்தான் பெயரே கிடைத்தது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீடலும் அவருடன் வேலை செய்தவர்களும் அந்த ஆண்டு ‘ஸூகீஸ்’ ஆய்விதழில் ஒரே கட்டுரையில் 98 புதிய இனங்களை விவரித்தார்கள். ஜாவா, பாலி, லொம்போக், பாலவான் என்று பல தீவுகளில் சேகரித்தவை. எல்லாமே ட்ரைகோனோப்டெரஸ் என்ற ஒரே பேரினம். பாலியில் கிடைத்த ஒன்றுக்கு, இயற்கைப் படங்களுக்குப் பேர்போன பிரிட்டிஷ் ஒளிபரப்பாளர் டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்தார்கள்: ட்ரைகோனோப்டெரஸ் அட்டன்பரோயி.

அந்தக் கட்டுரையைப் படித்த நாளிலிருந்து அந்தச் சருகை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை. கூன்வண்டுகளில் ஆராய்ச்சி செய்யும் ஜாவாப் பெண் ஒருவர் மாதிரி எடுக்க இங்கே வருகிறார் என்று தெரிந்ததும் கேட்டுப் பார்த்தேன். “வாங்க பாக், பை தூக்க ஆள் வேண்டும்” என்று பதில் வந்தது. ‘பாக்’ என்றால் இங்கே ‘ஐயா’. இந்தோனேசியாவில் வெளிநாட்டுக்காரர் ஆராய்ச்சி அனுமதி இல்லாமல் பூச்சி பிடிக்கக் கூடாது. அனுமதி அவர் பெயரில் இருக்கிறது. நான் பை தூக்குவேன், பார்ப்பேன், எழுதுவேன்.

நம் ஊரில் கூன்வண்டு என்றாலே மருந்தடிக்கத்தான் கை போகும். தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டு, வாழைக்கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு, அரிசிப் பானையில் ஊரும் அரிசி வண்டு, மூன்றும் இந்தக் கூட்டம்தான். ஆனால் உலகில் இதுவரை பெயர் வைத்த கூன்வண்டுகள் 60,000-க்கும் மேல். அவற்றில் மனிதனுக்குத் தொந்தரவு கொடுப்பவை கொஞ்சம்தான். மீதியெல்லாம் தன் காட்டில் தன்பாட்டில் இருக்கின்றன. நாளை மலை ஏறுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை, பெதுகுல்

தென்பசாரிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம். ஏற ஏற வெயில் போய்க் குளிர் வந்துவிட்டது. பழைய எரிமலை ஒன்று உள்வாங்கி உண்டான பெரிய பள்ளத்தில் பெரத்தான், புயான், தம்பிளிங்கான் என்று மூன்று ஏரிகள். பெரத்தான் ஏரிக் கோயிலில் நல்ல கூட்டம். சண்டிகுனிங் சந்தையில் ஸ்ட்ராபெர்ரி, முட்டைக்கோஸ், கேரட், பேஷன் ஃப்ரூட். 1959-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவும் இங்கேதான்.

சந்தை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புயான் ஏரிக்கரையில் காய்கறித் தோட்டங்கள் எதுவரை ஏறியிருக்கின்றன என்று பார்த்தபோது மனம் அதிலேயே நின்றுவிட்டது. மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டிய இடத்தில் சருகு ஏது? அங்கே முன்பு எந்த வண்டு இருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ராத்திரி மழை. நாளை விடியற்காலை தம்பிளிங்கான்.

திங்கட்கிழமை, தம்பிளிங்கான்

மூன்று ஏரிகளில் இதுதான் அமைதியானது. இயந்திரப் படகு கிடையாது. மரத்தைக் குடைந்து செய்த ஓடங்கள் மட்டும்தான், இரண்டை இணைத்துக் கட்டித் துடுப்புப் போடுகிறார்கள். ஏரியைச் சுற்றியுள்ள காட்டுக்கு அலாஸ் மெர்த்தாஜாத்தி என்று பெயர். கோப்லெக், முண்டுக், கெசிங், உமேஜெரோ என்ற நான்கு ஊர்க்காரர்கள் சேர்ந்து அதைப் புனிதமாகக் காக்கிறார்கள். கீழே உள்ள வயல்களுக்கு நீர் இந்தக் காட்டிலிருந்து வருகிறது என்பதால் கை வைக்க விடுவதில்லை.

கூட வந்த படகுக்காரர் அந்த ஊர்ப் பெரியவர். ‘பிளி’ என்று கூப்பிட்டேன், இங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். காட்டுக்குள் போகுமுன் ஏரிக்கரைக் கோயிலில் ஒரு சின்ன ஓலைத்தட்டில் பூவும் ஊதுவத்தியும் வைத்தார். நாங்களும் கும்பிட்டுவிட்டு உள்ளே போனோம்.

சருகை எங்கே அள்ளுவது என்பதே ஒரு படிப்பு. பாதையோரத்துக் காய்ந்த சருகில் ஒன்றும் இருக்காது. பெரிய மரத்தின் வேர்கள் பலகை போல் எழும்பி நிற்கும் இடுக்கில், மேலே உள்ள புது இலைகளை விலக்கினால், அடியில் கறுத்து ஈரமாக, பாதி மக்கி, வெள்ளைப் பூஞ்சை நூலோடு ஓர் அடுக்கு இருக்கிறது. அதைத்தான் எடுக்க வேண்டும். கம்பி வலை தைத்த துணிப்பையில் இரண்டு கை அள்ளிப் போட்டுக் குலுக்குகிறார்கள். இலையும் குச்சியும் மேலே நிற்க, பொடியும் சின்ன உயிர்களும் அடியில் இறங்குகின்றன. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைத் தட்டில் கொட்டி, குனிந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் துள்ளுவாலிகள் தெறித்து ஓடின. அப்புறம் உண்ணிகள், எறும்புகள், குட்டி மரவட்டை, இடுக்கிக் கைகள் மட்டும் வைத்துக்கொண்டு வாலில்லாத போலித்தேள். வண்டைக் காணோம். ஆராய்ச்சியாளர் அவசரப்படவில்லை. “இது ஓடாது பாக். ஆட்டம் நின்ற பிறகு பார்க்கணும்” என்றார். தட்டை அப்படியே வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

நான்கைந்து நிமிடம் போயிருக்கும். மண் துகள் என்று நினைத்த ஒன்றிலிருந்து இரண்டு உணர்கொம்புகள் மெல்ல நீண்டன. பின்னாலேயே கால்கள். லென்ஸில் பார்த்தேன். நீளம் அரிசி வண்டு அளவுதான், ஆனால் இன்னும் குண்டு. கறுப்பில் லேசான செம்பழுப்பு கலந்த உடல். முதுகு முழுக்க வரிவரியாகக் குழிகள், சில குழியில் மண் அடைத்திருந்தது. முன்னிறக்கைகள் இரண்டும் நடுவில் இடைவெளியே தெரியாமல் சேர்ந்திருந்தன. அவற்றுக்கு அடியில் பறக்கும் இறக்கை கிடையாது. அவர் பிரஷ் முனையால் தொட்டார். அந்தக் கணமே கால்கள் ஆறும் உள்ளே மடிந்தன, மூக்கு கீழே வளைந்து மார்பின் அடியில் உள்ள பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டது, உணர்கொம்பும் மறைந்தது. திரும்பவும் மண் துகள்.

இந்த மடிப்புக்குப் பின்னால் ஓர் அற்புதம் இருக்கிறது. 2011-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் ரீடல் உள்ளிட்ட கார்ல்ஸ்ரூ ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். நியூகினித் தீவின் ட்ரைகோனோப்டெரஸ் ஓப்லாங்கஸ் என்ற வண்டை எக்ஸ்ரே நுண்படம் எடுத்து, அதன் இடுப்பு மூட்டை முப்பரிமாணத்தில் பார்த்திருக்கிறார்கள். அது திருகாணியும் மரையும். உடலோடு ஒட்டிய முதல் கால்துண்டின் உட்புறத்தில் மரைப்புரி, அதற்குள் நுழையும் இரண்டாம் துண்டின் வெளிப்புறத்தில் ஒரு முழுச் சுற்றுக்கும் மேலாகத் திருகுபுரி. காலை மடக்கும்போது திருகு சுழல்கிறது. பெரும்பாலான பூச்சிகளுக்கு அந்த இடத்தில் கதவுக்கீல் மாதிரியான மூட்டுதான். உயிரினங்களில் இப்படி ஒரு மூட்டு இருப்பதை அதற்கு முன் யாரும் எழுதியதில்லை. காலை அசையாமல் உடலோடு பதித்து வைக்கவும், குச்சிகளைப் பிடித்து ஏறவும் இது உதவும் என்கிறார்கள். எத்தனை கோடி முறை இந்தச் சருகுக்குள் அந்தத் திருகு சுழன்றிருக்கும்! அதைத் தட்டில் வைத்து நேரில் பார்த்தேன் என்பது எனக்கு இன்னும் நம்ப முடியாத சந்தோஷமாக இருக்கிறது.

“இது எந்த இனம்?” என்று பிளி கேட்டார். “இங்கே வைத்துச் சொல்ல முடியாது பிளி. பேரினம் மட்டும்தான் சொல்வேன்” என்றார் அவர். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பறக்க முடியாததால்தான் இவ்வளவு இனங்கள். ஒரு மலையின் ஈரச் சருகில் வாழும் வண்டு வெயில் காயும் அடிவாரத்தைத் தாண்டி அடுத்த மலைக்குப் போவது ரொம்ப அபூர்வம். போனாலும் திரும்பாது. அங்கங்கே தனியாக இருந்து, தலைமுறை தலைமுறையாக மாறி, மலைக்கு மலை வேறு இனமாகிவிடுகிறது. பல இனங்கள் ஒரே ஓர் இடத்தில் மட்டும்தான் இதுவரை கிடைத்திருக்கின்றன. அந்த ஓர் இடத்தில் காட்டை வெட்டினால் அந்த இனம் முடிந்தது. நான்கு ஊர்க்காரர்கள் நீருக்காகவும் சாமிக்காகவும் காக்கும் காட்டில் இந்த வண்டுகளும் பிழைத்துக் கிடக்கின்றன. அவர்களுக்கு உலகம் நன்றி சொல்ல வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, முண்டுக்

ஊரெங்கும் கிராம்பு வாசம். வாசலில், ரோட்டோரத்தில், பாயில் பரப்பிக் காயவைத்திருக்கிறார்கள். நாங்கள் தங்கிய வீட்டுத் திண்ணையில் அவர் நுண்ணோக்கியை எடுத்து வைத்தார். இன்று முழுக்க நான் கேட்டேன், அவர் சொன்னார்.

புதிய இனம் என்று ஒன்றை அறிவிப்பது எப்படி? முதலில், அது புதிதா என்று தெரிய வேண்டும். வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் வண்டுகள் உள்ளே வேறு வேறாக இருக்கும். அதனால் மரபணு. கொழுப்பும் தசையும் மட்டும் கரைய, ஓடு கெடாமல் டிஎன்ஏ எடுக்கும் முறை இருக்கிறது. காக்ஸ்-1 என்ற மரபணுவில் 658 எழுத்துள்ள ஒரு துண்டைப் படித்து, ஏற்கெனவே உள்ளவற்றோடு ஒப்பிடுகிறார்கள். அதோடு நின்றுவிடக் கூடாது. ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து எடுத்து அதன் வடிவத்தைப் பார்க்க வேண்டும். நெருங்கிய இனங்களுக்கு இடையில் பெரும்பாலும் அங்கேதான் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். இரண்டும் ஒத்து வந்தால் இது தனி இனம்.

அப்புறம் அந்த இனத்துக்கு ஆதாரமாக ஒரே ஒரு வண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் ஊசியில் சிவப்புச் சீட்டு. இனி அந்தப் பெயர் யாரைக் குறிக்கிறது என்று சண்டை வந்தால் அந்த ஒரு வண்டைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். இந்தோனேசியாவின் இந்த வண்டுகளுக்கான ஆதார மாதிரிகள் ஜாவாவில், சிபினோங்கில் உள்ள தேசிய விலங்கியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இதை அவர் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை தெரிந்தது. தெரியத்தான் வேண்டும். காலனிக் காலத்தில் ஆசியப் பூச்சிகளின் ஆதார மாதிரிகள் எத்தனையோ ஐரோப்பாவுக்குப் போய்விட்டன. தன் வீட்டு வண்டைப் பார்க்க இன்னும் பலர் லண்டனுக்கும் பாரிசுக்கும் விமானம் ஏற வேண்டியிருக்கிறது.

அடுத்தது எழுத்து. முன்பெல்லாம் ஓர் இனத்தை விவரிக்கப் பக்கம் பக்கமாக உடல் வர்ணனை எழுதுவார்கள். பல பழைய விவரிப்புகளில் படமே இருக்காது. ஒருவர் ஆயுள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு பேரினத்தை முடிக்க முடியாது. காடு அதுவரை காத்திருக்குமா? ரீடலின் குழு 2013-இல் வேறு வழியைக் காட்டியது. நியூகினியின் 101 இனங்களை ஒரே கட்டுரையில் விவரித்தார்கள். இனத்துக்குச் சுருக்கமான வர்ணனை, கூர்மையான படங்கள், மரபணு வரிசை. அவசர வேலை என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 658 எழுத்தும் நல்ல படமும் ஆண் உறுப்பின் வடிவமும் இருந்தால், படமில்லாத மூன்று பக்க வர்ணனையைவிட அடுத்து வருபவருக்கு அதுதான் உதவும். கட்டுரையும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கும்படி இருக்கிறது. இந்த முண்டுக் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட போனில் திறந்து பார்க்கலாம்.

படம் எடுப்பதையும் காட்டினார். வண்டின் முதுகு வளைவாக இருப்பதால் ஒரு இடம் தெளிவாக விழுந்தால் இன்னோர் இடம் மங்கிவிடும். நூலிழை நூலிழையாக லென்ஸை இறக்கி, பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியைக் கணினியில் சேர்த்து ஒரே படமாக்குகிறார்கள். முடிந்த படத்தில் குழிக்குள் கிடக்கும் செதில்கூடத் தெரிகிறது.

101 பேருக்குப் பெயர் தேடுவதும் சின்ன வேலை இல்லை. நியூகினி வண்டுகள் சிலவற்றுக்கு அந்த ஊர்த் தொலைபேசிப் புத்தகத்திலிருந்து குடும்பப் பெயர்களை எடுத்து வைத்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்த செய்தி. எங்கோ இருக்கும் ஒரு பிரபுவின் பெயரைவிட, அந்த மண்ணில் வாழும் குடும்பத்தின் பெயர் அந்த வண்டுக்குப் பொருத்தம். சுலவேசித் தீவில் 1885-க்குப் பிறகு இந்தப் பேரினத்தில் ஒன்றும் விவரிக்கப்படாமல் கிடந்தது. 2019-இல் ரீடலும் சிபினோங் அருங்காட்சியகத்தின் ராடென் பிரமேசா நரகுசுமோ உள்ளிட்டோரும் ஒரே மூச்சில் 103 இனங்களை எழுதினார்கள். டார்வின், டிஎன்ஏ வடிவத்தைச் சொன்ன கிரிக், வாட்சன் எல்லோருக்கும் ஆளுக்கொரு வண்டு. 2021-இல் நரகுசுமோவும் ரீடலும் மத்திய சுலவேசியிலிருந்து இன்னும் 28 இனங்களைச் சேர்த்தார்கள். அதில் ஒன்று ட்ரைகோனோப்டெரஸ் கொரோனா. அந்தக் கொடுங்காலத்தின் நினைவாக வைத்த பெயர்.

புதன்கிழமை, சிங்கராஜா

மலை இறங்கி வடகரைக்கு வந்தோம். இங்கே உள்ள பழைய புலேலெங் துறைமுகத்தில்தான் 1856 ஜூனில் ஆங்கில இயற்கையியலாளர் ஆல்ஃபிரெட் ரசல் வாலஸ் கப்பலிலிருந்து இறங்கினார். சிங்கப்பூரிலிருந்து மக்காசருக்கு நேரே கப்பல் கிடைக்காமல் இந்த வழியாக வந்தவர். இரண்டு நாள்தான் பாலியில் இருந்தார். அப்புறம் லொம்போக் போனார். பக்கத்துத் தீவுதான், ஆனால் அங்கே கொண்டைக் கிளிகள் கத்தின. ஆசியாவில் பார்த்துப் பழகிய பறவைகள் பல காணாமல் போயிருந்தன. ஆசிய விலங்குகளும் ஆஸ்திரேலிய விலங்குகளும் இந்த நீரிணையில் பிரிகின்றன என்று அவர் கண்டுகொண்டார். வாலஸ் கோடு என்று இன்றும் சொல்கிறோம்.

துறைமுகத்தில் இப்போது மரப்பாலத்தின்மேல் சாப்பாட்டுக் கடைகள். அங்கேயே மீனும் சோறும் சாப்பிட்டோம். மத்தியானம் கெடோங் கிர்த்யா சுவடி நூலகத்துக்குப் போனோம். 1928-இல் தொடங்கியது. பனையோலையில் எழுத்தாணியால் கீறி, மசி தேய்த்த ஏடுகள். நம் ஊர் ஏடுகளைப் பார்த்த கண்ணுக்கு அங்கிருந்து நகர மனசே வரவில்லை.

வியாழக்கிழமை, மறுபடி முண்டுக்

விடாத மழை. வெளியே போகவில்லை. திங்களன்று சலித்த சருகுப் பொடியில் மீதியை வலைப்பையில் போட்டுத் திண்ணையில் தொங்கவிட்டிருந்தார். அடியில் சாராயக் குப்பி. சருகு காயக் காய, ஈரம் தேடி உயிர்கள் கீழே இறங்கிக் குப்பியில் விழும். இரண்டு மூன்று நாள் ஆகும். இன்று குப்பியைத் தூக்கிப் பார்த்தபோது இன்னும் சில கூன்வண்டுகள். வீட்டுக்கார அம்மா வந்து லென்ஸில் பார்த்தார். “இவ்வளவு நாள் இதை மிதித்துக்கொண்டா நடந்தோம்?” என்று கேட்டுவிட்டு, மருமகளையும் பேரனையும் கூப்பிட்டுக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை, பதங்பாய் முதல் லெம்பார் வரை

கார் ஏற்றும் பெரிய படகில் பாலியிலிருந்து லொம்போக் தீவுக்கு நான்கைந்து மணி நேரப் பயணம். வலது பக்கம் நூசா பெனிடாவின் பாறைச் சுவர். பசிபிக் கடலிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் பாயும் நீரோட்டத்தில் ஒரு பங்கு இந்த நீரிணை வழியாகப் போகிறது. மேல்தளத்தில் நின்று பார்த்தாலே இழுப்பு தெரிகிறது. பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் இறங்கியபோது பாலி ஜாவாவோடு ஒட்டி நிலமாகிவிட்டது. இந்த நீரிணை அதைவிட ஆழம். அப்போதும் இங்கே கடல்தான்.

அப்படியென்றால் பறக்காத கூன்வண்டு இதைத் தாண்டியிருக்க முடியாது என்றுதானே நினைப்போம்? ரெனே டான்ஸ்லரும் ரீடலும் மற்றவர்களும் 2014-இல் பாலியின் ட்ரைகோனோப்டெரஸ் வண்டுகளின் மரபணுவை அக்கம்பக்கத் தீவுகளின் வண்டுகளோடு ஒப்பிட்டார்கள். வாலஸ் கோட்டை இவை ஒரு தடவை இல்லை, பல தடவை தாண்டியிருக்கின்றன. பாலி இளம் தீவு. கடலுக்கு மேலே எழுந்து சில பத்து லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. எழுந்த பிறகு, ஒட்டிக் கிடந்த ஜாவாப் பக்கமிருந்து இல்லை, கிழக்குத் தீவுகள் பக்கமிருந்துதான் வண்டுகள் வந்து குடியேறியிருக்கின்றன. வெள்ளத்தில் பெயர்ந்த மரம், வேரோடு ஒட்டிய மண், அதில் ஒண்டிக்கொண்ட ஒரு வண்டு. லட்சக்கணக்கான ஆண்டுகளில் அப்படி ஒன்றிரண்டு கரை ஒதுங்கினால் போதும்.

அவரிடம் கேட்டேன்: “நாம் பிடித்தது லொம்போக் வண்டுகளுக்கு நெருங்கிய சொந்தமா?” குப்பிகள் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். “658 எழுத்து வந்த பிறகு சொல்றேன் பாக். லொம்போக் சருகும் வேணும், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது?” என்றார். அப்புறம் சீட்டெழுத உட்கார்ந்தார். இடம், உயரம், தேதி, எடுத்தவர், எடுத்த விதம். ஒரு விரல்நுனி அளவு தாளில் ஐந்து வரி. இந்த ஐந்து வரி இல்லாவிட்டால் குப்பிக்குள் இருப்பது வெறும் செத்த பூச்சி என்றார்.

லெம்பாரில் இறங்கும்போது இருட்டிவிட்டது. ரிஞ்சானி மலை அடிவாரத்துக்கு நாளை காலை வண்டி சொல்லியாயிற்று. சல்லடைப் பையை அலசிக் காயப்போட்டிருக்கிறேன். பாலிச் சருகில் ஒரு துளிகூட லொம்போக் மாதிரியில் கலந்துவிடக் கூடாது. மலையில் சிக்னல் கிடைத்தால் அங்கிருந்து எழுதுகிறேன்.